இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய நாவல்

1873 மார்ச் மாதத்தில் ஒரு நாள், துலா நகருக்கு அருகில் உள்ள யாஸ்னயா போல்யானா பண்ணைவீட்டில் டால்ஸ்டாய் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் உரைநடைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தார். அதில் முடிக்கப்படாமல் நின்றுபோன ஒரு கதைத்துண்டு இருந்தது. முன்னுரை, வருணனை எதுவும் இல்லாமல், விருந்தினர்கள் வந்து சேர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நேராகத் தொடங்கும் துண்டு. கதை என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. உடனே எழுத உட்கார்ந்தார்; எழுத்து மளமளவென்று ஓடியது. அந்த மாதக் கடைசியில் நண்பரும் விமர்சகருமான நிக்கொலாய் ஸ்ட்ராகவுக்கு எழுதிய கடிதமொன்றில், கடவுள் உடல்நலம் கொடுத்தால் இன்னும் இரண்டு வாரத்தில் நாவல் தயாராகிவிடும் என்று குறிப்பிட்டார். அந்த நாவல் 'அன்னா கரீனினா'. நா. தர்மராஜனின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகர்கள் பலர் படித்திருப்பார்கள். இரண்டு வாரம் என்று நினைத்த வேலை 1877 வரை நீண்டது. நடுவில் வீட்டில் சாவுகள் நேர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல் வேலையில் அவர் மூழ்கினார். நாவலே வேண்டாம் என்று வெறுத்து ஒதுக்கியும் வைத்தார். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முதல் வேகத்தில் எழுதியதற்கும் கடைசியில் அச்சேறியதற்கும் இடையே இருக்கும் தூரம் மலைக்க வைக்கிறது. திருத்தித் திருத்தி எழுதித்தான் அந்தத் தூரத்தை அவர் கடந்தார்.

முதல் வரைவுகள் அழிந்துபோகவில்லை. டால்ஸ்டாயின் கைப்பிரதிகள் மாஸ்கோவில் பாதுகாக்கப்படுகின்றன. ரஷ்ய ஆய்வாளர்கள் அவற்றை வரிசைப்படுத்திப் பதிப்பித்தும் இருக்கிறார்கள். அதனால் அன்னா எப்படி உருவானாள் என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. தொடக்க வரைவில் அவளுக்கு அன்னா என்ற பெயரே இல்லை, தாத்தியானா என்றிருக்கிறது. பெயர் மட்டும் வேறு என்றால் பெரிதில்லை. அந்தத் தாத்தியானா நளினம் இல்லாதவள், பலர் பார்க்க நிலைதவறி நடந்துகொள்பவள். அவளுடைய கணவரோ நல்ல மனம் படைத்த சாதுவான மனிதர். படிப்பவரின் இரக்கம் முழுவதும் அவர் பக்கமே சாயும். நாம் இன்று படிக்கும் நாவலின் மறுபாதியைத் தாங்கி நிற்கும் லெவின், தொடக்கத் திட்டத்தில் இல்லவே இல்லை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1870 பிப்ரவரியில், மணவாழ்வில் தவறிய இப்படியொரு பெண்ணைப் பற்றி எழுதும் எண்ணத்தை டால்ஸ்டாய் மனைவி சோஃபியாவிடம் சொல்லியிருந்தார். அவளைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரக்கத்துக்கு உரியவளாகக் காட்டுவதே தம் வேலை என்று அவர் சொன்னதாக சோஃபியா குறித்து வைத்திருக்கிறார். ஆக, நோக்கம் முதலிலேயே தெளிவாக இருந்தது. எழுத உட்கார்ந்ததும் பேனா அந்த நோக்கத்துக்கு நேர் எதிராகப் போயிற்று. அவர் வாயால் சொன்னது ஒன்று, தாளில் வந்தது வேறொன்று. தாளைத் திரும்பப் படிக்காமல் இருந்திருந்தால் இந்த முரண் அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் செய்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். தொடக்க வரைவு ஒரு பிரபுத்துவ வீட்டின் வரவேற்பறையில் ஆரம்பமாகிறது. விருந்தினர்கள் கூடியிருக்கிறார்கள், ஊர்வம்பு பேசுகிறார்கள், அந்தப் பெண் வருகிறாள், காதலனோடு தனியே உட்கார்ந்து பேசுகிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள். புஷ்கினிடமிருந்து பெற்ற தொடக்கம் இதுதான். நேராகக் கதைக்குள் இறங்கும் நல்ல தொடக்கமும்கூட. ஆனால் இப்படித் தொடங்கினால் வாசகர் அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்ப்பது வம்பர்களின் கண் வழியாக. தீர்ப்பு வாசலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இறுதி வடிவத்தில் இந்த வரவேற்பறைக் காட்சி இரண்டாம் பாகத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. நாவல் வேறொரு வீட்டில், அன்னாவின் அண்ணன் வீட்டுச் சண்டையில் தொடங்குகிறது. கணவனின் துரோகத்தால் நொந்துபோன மனைவி, பசியோடு ஓடித் திரியும் பிள்ளைகள், வேலையை விட்டுப் போகப் பார்க்கும் வேலையாட்கள். பதினேழு அத்தியாயங்கள் வரை அன்னா கண்ணில் படுவதில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் ரயிலிலிருந்து இறங்குகிறாள். உடையப் போகும் ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைப்பதற்காக வருகிறாள். ஆகவே அவளை நாம் முதலில் சமாதானம் செய்து வைக்க வந்தவளாக அறிகிறோம், பிறகே தவறியவளாக. ஒரு காட்சியைப் பின்னால் நகர்த்தியதில் நாவலின் அறமே திரும்பிவிட்டது.

திருத்தம் என்றால் பிழை பார்ப்பது, சொல்லை மாற்றுவது, நீளத்தைக் குறைப்பது என்று பொதுவாக நினைக்கிறோம். முதலில் சிந்தனை, அடுத்து எழுத்து, கடைசியில் மெருகு என்று ஒரு வரிசையும் மனதில் வைத்திருக்கிறோம். தச்சர் மேசையைச் செய்து முடித்த பிறகு உப்புத்தாள் போடுவதைப் போல. பிழைதிருத்தம் அப்படிப்பட்ட வேலைதான், சந்தேகமில்லை. திருத்தி எழுதுவது வேறு. எழுதுபவர் தமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைக் கண்டுகொள்ளும் இடம் அது. சிந்தனையின் கணிசமான பகுதி அங்கேதான் நடக்கிறது. டால்ஸ்டாயின் முந்திய பெருநாவலும் இதையே சொல்கிறது. டி. எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழாக்கிய அந்த நாவலுக்கு ஒரு முந்திய முழு வரைவு உண்டு. அதில் இளவரசர் ஆந்திரேய் சாகவில்லை. சிறுவன் பேத்யாவும் பிழைத்துக்கொள்கிறான். அப்போது அவர் நினைத்திருந்த தலைப்பே 'முடிவு நன்றானால் எல்லாம் நன்று' என்ற பொருள் கொண்டது. நாவலில் யார் வாழ்வது, யார் சாவது என்பதைவிடப் பெரிய முடிவு எது? அதுவே திருத்தத்தின்போதுதான் எடுக்கப்பட்டது. இதை மெருகு என்று எப்படிச் சொல்ல முடியும்?

நாவலாசிரியர்களுக்கு இதெல்லாம் சரி, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆகவே யாரும் எழுதக்கூடிய ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். 'எங்கள் பகுதி பொதுமக்கள் அனைவரும் குடிநீர்ப் பிரச்சினையால் மிகுந்த சிரமத்துக்கு உள்ளாகி வருகின்றனர் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.' இதில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. மேலோட்டமாகத் திருத்தும் ஒருவர் 'மிகுந்த' என்பதை எடுப்பார்; 'மேலான' என்பதையும் எடுப்பார்; வாக்கியம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் அந்த அலுவலக மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவராகத் தம்மை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு உடனே கேள்விகள் எழும். எந்தத் தெரு? தண்ணீர் வரவே இல்லையா, எப்போதாவது வருகிறதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? எந்த நேரத்தில்? எப்போதிலிருந்து? இதற்கெல்லாம் பதில் வாக்கியத்துக்குள் இல்லை. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும், நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். கேட்டுவிட்டு வந்து எழுதினால் இப்படி வரும்: 'எங்கள் தெருவில் தைப்பொங்கலிலிருந்து நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குடிநீர் வருகிறது. அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு, அரை மணி நேரம். தெருமுனையில் உள்ள மேட்டு வீடுகள் ஆறுக்கு ஒரு குடம்கூட நிரம்புவதில்லை.' முதல் வாக்கியத்தில் 'மிகுந்த சிரமம்' என்ற சொற்கள் ஓர் அறியாமையை மூடிக்கொண்டிருந்தன. எழுதும்போது அது அறியாமையாகத் தெரியவில்லை, நிறைவாகத்தான் தெரிந்தது. இங்கே திருத்தம் என்பது அந்த மூடியைத் திறந்து, தெரியாததைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டதுதான். தாத்தியானாவை அன்னாவாக்கியதும் இதே வகை வேலை. அளவு மட்டும்தான் வேறு.

அப்படியானால் திருத்துவதன் முதல் கடினம் சொல்வளத்தில் இல்லை. தாம் எழுதியதைப் பிறர் எழுதியது போலப் படிப்பதில் இருக்கிறது. எழுதியவருக்குத் தம் வாக்கியத்தின் ஓட்டைகள் தெரியாது, ஏனென்றால் விடுபட்டதை அவர் மனம் தானாகவே நிரப்பிக்கொண்டு படிக்கிறது. எழுத்தாளர்கள் வைத்திருந்த திருத்த வழக்கங்களைக் கூர்ந்து பார்த்தால், எல்லாமே இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கான உபாயங்களாகத் தெரிகின்றன. பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் ரூவான் நகருக்கு அருகே குருவாசே கிராமத்தில் இருந்துகொண்டு 1851 முதல் 1856 வரை 'மதாம் பொவாரி'யை எழுதினார். எழுதிய வாக்கியத்தைத் தொண்டை கிழியக் கத்திப் படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். கண்ணுக்குத் தப்பியது காதில் இடறும். அந்த ஒரு நாவலுக்காக அவர் நிரப்பிய ஏறக்குறைய 4,500 பக்கங்கள் ரூவான் நகர நூலகத்தில் இருக்கின்றன. டால்ஸ்டாய்க்கு இப்படியொரு உபாயம் அவர் வீட்டிலேயே கிடைத்தது. அவருடைய மகன் இல்யா பின்னாளில் எழுதிய நினைவுகளில் ஒரு காட்சி வருகிறது. நாவலைத் தொடராக வெளியிட்ட இதழிலிருந்து மெய்ப்பு வந்து சேரும். முதலில் ஓரங்களில் குறிகள் விழும், பிறகு சொற்கள் மாறும், பிறகு வாக்கியங்கள் மாறும், கடைசியில் தாள் முழுவதும் கறுத்துப்போய் அப்படியே திருப்பி அனுப்ப முடியாத நிலைக்கு வந்துவிடும். அம்மா இரவெல்லாம் கண்விழித்து அதைத் தெளிவான கையெழுத்தில் படியெடுப்பார். காலையில் படிகள் மேசைமேல் அடுக்கி இருக்கும். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று அப்பா அவற்றைத் தம் அறைக்கு எடுத்துப் போவார். மாலைக்குள் எல்லாம் மீண்டும் அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். அஞ்சலில் அனுப்பிவிட்ட பிறகும் ஓரிரு சொற்களை மாற்றச் சொல்லித் தந்தி போகும்.

இந்தக் காட்சியை எழுத்தாளரின் பிடிவாதம் என்று ரசித்துவிட்டுப் போவது நியாயமில்லை. தம் கிறுக்கல் வேறொருவரின் தெளிந்த கையெழுத்தில் திரும்பி வரும்போது, அது முற்றிலும் புதிய ஒருவரின் எழுத்தைப் போல டால்ஸ்டாயின் முன் நின்றது. அதனால்தான் அவரால் ஒவ்வொரு முறையும் அதில் புதிய ஓட்டையைப் பார்க்க முடிந்தது. அந்த வசதியைத் தந்தவர் சோஃபியா. 'அன்னா கரீனினா' எழுதப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அவர் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். அப்படிப்பட்ட இரவுகளில் உட்கார்ந்துதான் படியெடுத்தார். அந்த நாவலின் திருத்தத்துக்கு இரண்டு பேரின் உழைப்பு சென்றது. அட்டையில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. டால்ஸ்டாயின் மேதைமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நம் மரபிலும் இந்தப் பார்வை இருந்திருக்கிறது என்பதற்கு நன்னூலின் பாயிரத்தைக் காட்டலாம். சுமார் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அதில் வகுத்திருக்கிறார். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன பட்டியல் அது. இன்று எழுதிய ஒரு கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தால் வியப்பாக இருக்கும். குன்றக் கூறல், அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. மிகைபடக் கூறல், அதாவது தேவைக்கு மேல் சொல்வது. முன் சொன்னதற்குப் பின்னர் மாறாகப் பேசுவது, சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது ஆகியவையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கிப் போகப்போகச் சுரத்துக் குறைந்து முடிவில் இல்லாமலே போவது. இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவை ஒரு வரியை மட்டும் பார்த்தால் தெரியாதவை. முழுவதையும் எழுதி முடித்து, தொடக்கத்திலிருந்து மறுபடி படிப்பவருக்கே தேய்வது தெரியும், மாறுபடுவது தெரியும், வழி விலகியது தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது இவற்றைத் தவிர்ப்பது அரிது. ஆகவே அந்தப் பட்டியல், எழுதியவர் தம் நூலுக்கு வாசகராக வந்து நிற்கும் நேரத்துக்கு உரியது என்றே நான் கொள்கிறேன். புதிய நூலைச் சபையில் வைத்து, புலவர்கள் தடை எழுப்ப, ஆசிரியர் விடை சொல்லும் அரங்கேற்ற வழக்கமும் இதோடு சேர்ந்தது. அங்கே அந்நியக் கண்களாக அமர்ந்திருந்தது ஒரு சபையே.

ஆனால் அதே மரபுதான் ஆசுகவியையும் கொண்டாடியது. கொடுத்த அடிக்குக் கொடுத்த நொடியில் பாட்டுக் கட்டும் திறமை நமக்கு இன்றும் பெரிய வியப்பு. உள்ளத்தில் ஊறி வந்ததைத் தொட்டால் அதன் உயிர் போய்விடும் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. அதற்குப் புதிய காலத்துச் சாட்சியாக அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெருவாக்கையும் காட்டுவார்கள். 1951 ஏப்ரலில் மூன்றே வாரத்தில், தாள்களை ஒட்டிச் செய்த ஏறக்குறைய 120 அடி நீளச் சுருளில், பத்தி பிரிக்காமல் தட்டச்சு செய்து அவர் 'ஆன் த ரோட்' நாவலை முடித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. செய்தி உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. அந்தச் சுருளுக்கு முன்னால் பல ஆண்டுப் பயணக் குறிப்பேடுகள் இருக்கின்றன. அதே நாவலைத் தொடங்கிக் கைவிட்ட முயற்சிகளும் இருக்கின்றன. சுருளுக்குப் பின்னால் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. நாவல் அச்சில் வந்தது 1957இல். அதற்குள் பெயர்கள் மாறின, பத்திகள் வந்தன, பகுதிகள் வெட்டப்பட்டன. மூன்று வாரம் என்பது பல வரைவுகளுக்கு நடுவில் நின்ற ஒரு வரைவின் காலம். ஆசுகவியின் நொடியும் அப்படித்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைத் தடையின்றிச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிய காட்சியை உ.வே. சாமிநாதையர் பதிவுசெய்திருக்கிறார். அந்தத் தடையின்மைக்குப் பின்னே ஒரு வாழ்நாள் முழுவதும் பாடம் செய்து, பாடம் சொல்லி, ஆயிரக்கணக்கான பாடல்களை மனத்துக்குள் ஒப்பிட்டு வைத்திருந்த பயிற்சி இருந்தது. திருத்தம் முன்கூட்டியே நடந்து முடிந்திருந்தது என்று அதைச் சொல்லலாம். அந்தப் பயிற்சி இல்லாத நாம் அந்த வேகத்தை மட்டும் கேட்பது சரியாகாது.

வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவருக்கு நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, தமிழ் உரைநடையின் பெரும்பகுதி தொடர்கதையாகவும் பத்தியாகவும் பிறந்தது. ஆனால் தொடர்கதையின் பேரரசரான டிக்கன்ஸின் கைப்பிரதிகளே அடித்தலும் மேலெழுத்துமாக நெரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் தனித்தாளில் திட்டம் எழுதி, தம்மையே கேள்வி கேட்டு, பதிலும் எழுதிக்கொள்ளும் வழக்கம் பிற்கால நாவல்களில் அவருக்கு இருந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து முடிந்தபோது, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். தொடர் வடிவத்தின் இயல்பே அது. எழுதியவர் திரும்பிப் படிக்கும் முன்பே ஊர் படித்துவிடுகிறது. அதனால்தான் இதழில் வந்த பிறகு நூலாகும் இடைவெளி தமிழில் மிக முக்கியமானது. வேகமாக எழுதியவர் என்று பெயரெடுத்த புதுமைப்பித்தனின் கதைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தபோது, பாட வேறுபாடுகளைத் தொகுத்துக் காட்ட வேண்டிய அளவுக்கு அவை இருந்தன. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யின் சில பகுதிகள் 'சரஸ்வதி' இதழில் வந்து நின்றுபோயின. நாவல் நூலாக வந்தது 1966இல். வாரக்கெடு எழுத்தாளரின் கையைக் கட்டுகிறது, உண்மை. தொடர் முடிந்ததும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவதற்கு அது காரணமாகாது.

இனி வருவதுதான் வலுவான எதிர்வாதம்: திருத்தித் திருத்திக் கெடுத்தவர்களும் இருக்கிறார்களே. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் உள்ளம் வளர்ந்த கதையைச் சொல்லும் 'த பிரலூட்' என்ற நெடுங்கவிதையைப் பதின்மூன்று பகுதிகளாக 1805இலேயே எழுதி முடித்துவிட்டார். பிறகு சாகும் வரை அதைத் தொட்டுக்கொண்டே இருந்தார். 1850இல் அவர் இறந்த பிறகு, பதினான்கு பகுதிகளாக அது வெளிவந்தது. 1926இல் பதிப்பாசிரியர் எர்னஸ்ட் த செலின்கோர்ட் பழைய 1805 வடிவத்தையும் வெளியிட்டபோது, பலருக்கு அந்த இளமை வடிவமே பிடித்துப்போயிற்று. இன்றும் பல வகுப்பறைகளில் அதைத்தான் படிக்கிறார்கள். டால்ஸ்டாயும் இதற்கு விலக்கில்லை. 'அன்னா'வைத் தொடங்கிய அதே 1873இல், 'போரும் வாழ்வும்' நாவலின் புதிய பதிப்பில் அவர் பிரெஞ்சு உரையாடல்களை ரஷ்யமாக்கினார். வரலாறு பற்றிய சிந்தனைப் பகுதிகளைப் பிரித்துப் பின்னிணைப்பில் போட்டார். 1886 பதிப்பில் பிரெஞ்சு மீண்டும் வந்துவிட்டது. ஆக, திருத்தம் என்றாலே முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்ட திருத்தங்களில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அவற்றில் எழுத்தாளர் பொருளிடம் திரும்பிப் போகவில்லை. முதிய வேர்ட்ஸ்வொர்த் தம் இளமை அனுபவத்தை மேலும் கூர்ந்து பார்ப்பதைவிட, இளைஞன் சொன்னதைத் தம் இப்போதைய நம்பிக்கைகளுக்கும் மதிப்புக்கும் பொருந்தச் சரிசெய்தார் என்றே பல இடங்கள் எண்ண வைக்கின்றன. டால்ஸ்டாய் அன்னாவைத் திருத்தியபோது ஒவ்வொரு முறையும் அவளை இன்னும் கொஞ்சம் பார்த்தார். பொருளைப் பார்த்துத் திருத்துவது ஒன்று; தன்னைப் பார்த்துத் திருத்துவது இன்னொன்று. நிறுத்த வேண்டிய இடமும் இதிலிருந்தே தெரிகிறது. திரும்பப் படிக்கையில் பொருளைப் பற்றிப் புதிய கேள்வி எதுவும் எழவில்லை, நம்மை யார் என்ன சொல்வார்களோ என்ற கேள்வி மட்டும் எழுகிறது என்றால், பேனாவை வைத்துவிட வேண்டும்.

பிறர் சொல்லைக் கேட்டுத் திருத்துவதும் இதே உரைகல்லில்தான் நிற்கும். டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 1861இல் முடித்தபோது, நாயகனும் நாயகியும் பிரிந்தே போவதாக எழுதியிருந்தார். நண்பரான எழுத்தாளர் புல்வர் லிட்டன் அந்த முடிவை மாற்றச் சொன்னார், டிக்கன்ஸ் மாற்றினார். பழைய முடிவை, டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபார்ஸ்டர் பின்னால் அந்த நூலில் வெளியிட்டார். எது மேல் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்குப் பழைய முடிவே அந்தக் கதையின் போக்குக்கு உண்மையாகப் படுகிறது. நண்பர் எழுப்பிய கேள்வி வாசகரின் விருப்பத்தைப் பற்றியதாகவே தோன்றுகிறது, அந்த இருவரின் வாழ்க்கையைப் பற்றியதாகத் தோன்றவில்லை. ஆகவே நல்ல நண்பரிடம் கையெழுத்துப்படியைக் கொடுக்கும்போது, இது பிடித்திருக்கிறதா என்று கேட்பதைவிட, எங்கே விளங்கவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்று கேட்பது பயன் தரும். அந்த இரண்டு பதில்களும் நம்மைப் பொருளிடம் திருப்பி அனுப்பும்.

இன்றைக்குத் திருத்துவது எளிதாகிவிட்டது என்று தோன்றலாம். கணினியிலும் கைப்பேசியிலும் அடித்தல் தெரிவதில்லை, படியெடுக்க ஆள் வேண்டியதில்லை, ஒரு பத்தியைத் தூக்கி வேறிடத்தில் வைக்க ஒரு நொடி போதும். எளிதானது கையின் வேலை. கண்ணின் வேலை கடினமாகித்தான் இருக்கிறது. திரையில் எந்த வரைவும் எந்த நேரமும் அச்சேறியது போலச் சுத்தமாக நிற்கிறது. முதல் வரைவே முடிந்த வேலை போன்ற முகத்தைக் காட்டுகிறது. எழுதிய அதே திரையில், அதே எழுத்துருவில், அதே மனநிலையில் படிப்பவர் தம் எழுத்தை அந்நியமாகப் பார்க்க வழியே இல்லை. சோஃபியாவின் கையெழுத்து செய்த உதவியை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாளில் அச்செடுப்பது, எழுத்துருவை மாற்றிப் பார்ப்பது, நாள் கடத்திப் படிப்பது, உரக்கப் படிப்பது எல்லாம் பழைய உபாயங்கள்தான். எழுத்துப்பிழை காட்டும் செயலிகள் சந்தியைச் சரிபார்க்கலாம். எந்தத் தெரு, எத்தனை நாள் என்று அவை கேட்பதில்லை.

பள்ளிகளில் கட்டுரை எழுதச் சொல்கிறோம், சிவப்பு மையால் பிழைகளை வட்டமிடுகிறோம், மதிப்பெண் போடுகிறோம், நோட்டை மூடிவிடுகிறோம். அதே கட்டுரையை அடுத்த வாரம் எடுத்து மறுபடி எழுத வைப்பது மிக அரிது. பத்துத் தலைப்பில் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, ஒரு தலைப்பில் மூன்று முறை எழுதிப் பார்ப்பது பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கற்றுத்தரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு கட்டுரையிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதமோ மனுவோ ஏதாவது இருந்தால், எழுதி முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள். ஓர் இரவு அதை வைத்திருந்து, காலையில் அதைப் பெறப்போகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் அவர் உங்களைக் கேள்வி கேட்பார் என்று தோன்றுகிறதோ, அந்த இடத்துக்கான பதிலைத் தேடித் தெரிந்துகொண்டு எழுதிவிட்டு, பிறகு அனுப்புங்கள்.